அடுத்த மாடலுக்காகக் காத்திருப்பது ஸப்ரு ஆகாது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒரு கேமராவை இப்போது வாங்குவதா, அடுத்த மாடல் வரும்வரை காத்திருப்பதா? மார்க்கப் பக்கத்தில் எழுதத்தக்க கேள்விதானா இது என்று சிலர் நினைக்கக்கூடும். ஈராண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் என்னிடம் அக்கேள்வியைக் கொண்டுவந்த ஒருவருக்கு, சிந்திக்காமல் ஒரு வரியில் பதில் கூறி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் தவறானது. அதன் விளைவை அவர் இன்று சுமந்துகொண்டிருக்கிறார்.

அவர் சிறுவயதில் மாலை நேர மதரஸாவில் என்னிடம் ஓதியவர். திருவண்ணாமலையில் சிறியதொரு ஸ்டுடியோ வைத்துத் திருமணங்களுக்குப் படமெடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். அன்று இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் வந்து அமர்ந்தார். கையில் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது என்றார். பழைய கேமரா தளர்ந்துவிட்டது. கடையில் இருப்பதை வாங்க நினைத்தால், நண்பர்கள் எல்லோரும், "அடுத்த மாடல் வரப்போகிறது, இப்போது வாங்கினால் ஏமாந்து போவாய்" என்கிறார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"ஸப்ரு செய் தம்பி. ஸப்ரில் பரக்கத் உண்டு" என்றேன்.

அவரும் ஸப்ரு செய்தார். ஒரு மாடல் வந்தது; அதில் ஏதோ குறை என்றார்கள். அடுத்ததற்குக் காத்திருந்தார். இதற்கிடையில் சேர்த்த பணம் வீட்டுச் செலவிலும் வைத்தியத்திலும் கரைந்து, பாதியளவுக்குக் குறைந்தது. பிறகு ஷவ்வால் மாதத்தில் ஒரு நிக்காஹ். பெண்ணின் தகப்பனார் வளைகுடாவிலிருந்து சில நாள் விடுப்பில் வந்திருந்தார். நிக்காஹ் சபையில், மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவிருந்த நேரத்தில் கேமராவின் ஷட்டர் இறுகி நின்றுவிட்டது. கைப்பேசியை வெளியே எடுப்பதற்குள் துஆவும் முடிந்துவிட்டது. வாங்கிய கூலி முழுவதையும் அவர் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த பின்பும் அந்தத் தகப்பனாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றார்.

பத்து நாட்களுக்குள் தவணைக் கடனில் கையெழுத்திட்டு, தமக்குத் தேவையானதைவிட விலை உயர்ந்த ஒரு கேமராவை வாங்கிவிட்டார். மீண்டும் அதே திண்ணைக்கு வந்து, "ஹஜ்ரத், நீங்கள் சொன்னபடி பொறுத்துத்தான் பார்த்தேன்" என்றார். குற்றம் சாட்டும் தொனி அவரிடம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

இந்தக் கட்டுரை முதலில் எனக்கு எதிராகவும், அடுத்து என்னைப் போல் ஸப்ரு என்னும் சொல்லை மலிவாக எடுத்து வழங்கும் ஆலிம்களுக்கு எதிராகவும் எழுதப்படுகிறது.

படமெடுப்பது கூடுமா என்போருக்கு

உருவப்படம் பற்றிய ஹதீஸ்களை முன்வைத்து, நிழற்படத்தையே தடுக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். கையால் உருவத்தைப் படைப்பது வேறு, இருக்கும் உருவத்தின் நிழலை ஒளியால் பதிவதே இது என்று அனுமதிக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்து 1935-இல் மறைந்த ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ இதற்கென்றே தனி நூல் எழுதி அனுமதியை நிலைநாட்டினார். எந்தக் கருத்தைப் பின்பற்றுவது என்பதை அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். படமெடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர், அந்நியப் பெண்களைப் படமெடுப்பதில் பேண வேண்டிய ஒழுக்கமும் தனிப் பாடம். இங்கே பேச எடுத்துக்கொண்டது கருவியை வாங்கும் முடிவைப் பற்றி மட்டுமே. தையல் இயந்திரம் வாங்குகிறவருக்கும், ஆட்டோ வாங்குகிறவருக்கும், பிள்ளையின் படிப்புக்கு மடிக்கணினி வாங்கும் குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

ஸப்ரு எது?

ஸப்ரு மூன்று இடங்களில் உண்டு என்று நம் முன்னோர்களான அறிஞர்கள் வகுத்துள்ளார்கள். வணக்கத்தில் நிலைத்து நிற்பதில் ஸப்ரு. பாவத்திலிருந்து விலகி நிற்பதில் ஸப்ரு. அல்லாஹ்வின் விதியால் வந்த துன்பத்தைத் தாங்குவதில் ஸப்ரு.

அடுத்த மாடலுக்காகக் காத்திருப்பது இம்மூன்றில் எதில் சேரும்? அது வணக்கமன்று. பாவத்தைத் தவிர்ப்பதும் அன்று. வந்த துன்பத்தைத் தாங்குவதும் அன்று. கையில் இருப்பதைவிடச் சிறந்தது நாளை வரும், அது எனக்கே கிடைக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அது. இதற்கு மார்க்க நூல்களில் வேறொரு பெயர் இருக்கிறது: தூலுல் அமல், அதாவது நீண்ட ஆசை. ஆசைக்கு ஸப்ரு என்று பெயர் சூட்டியது என் பிழை. பெயர் மாறிவிட்டால் நஃப்ஸுக்கு வேலை எளிதாகிவிடுகிறது. தான் ஆசைப்படுகிறோம் என்பதையே அது மறந்து, நன்மை செய்துகொண்டிருப்பதாக எண்ணிக்கொள்கிறது.

கருவி வாங்குவதைப் பற்றி நமக்கு ஒரு ஹதீஸே இருக்கிறது. அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ்கலை அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்ஸாரிகளில் ஏழை ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் கேட்டார்கள். ஒரு துணியும் ஒரு குவளையும் இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் செய்து, தாமே ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்துக்குக் குடும்பத்துக்கு உணவு வாங்கிக் கொடுக்கவும், மற்றொரு திர்ஹத்துக்குக் கோடாலி வாங்கி வரவும் ஏவினார்கள். அவர் கொண்டுவந்த கோடாலிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்தினார்கள். பதினைந்து நாட்கள் விறகு வெட்டி விற்றுவிட்டு வருமாறு அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார்.

இந்த நிகழ்ச்சியில் உள்ள ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் வீட்டாரின் உணவு. அடுத்து, கையிலிருக்கும் பணத்துக்குக் கிடைக்கும் கருவி. கடன் இல்லை. இதைவிடக் கூர்மையான கோடாலி அடுத்த வணிகக் கூட்டத்தோடு வரும், அதுவரை பொறு என்னும் பேச்சும் இல்லை. அன்றே வேலை தொடங்கிவிட்டது. என் மாணவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான்.

அடுத்த மாடல் மறைவானது

நாளை தான் எதைச் சம்பாதிக்கும் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது என்று லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனம் நமக்குக் கற்பிக்கிறது. இதை ஜனாஸாத் தொழுகைக்குப் பின் பயானில் ஓதுகிறோம். கடைவீதியில் மறந்துவிடுகிறோம்.

கேமரா வணிகத்திலிருந்தே இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன். திருமணப் படப்பிடிப்பாளர்கள் பலரும் விரும்பிய கேனான் 5டி வரிசையில் மார்க் 2 என்பது 2008-இல் வந்தது. மார்க் 3, 2012-இல். மார்க் 4, 2016-இல். நான்கு ஆண்டுக்கு ஒன்று என்னும் கணக்கு வரிசையாகப் பொருந்தியது. ஆகவே 2020-இல் மார்க் 5 வரும் என்று எதிர்பார்ப்பதைவிட நியாயமான எதிர்பார்ப்பு வேறு என்ன இருக்க முடியும்? அது வரவில்லை. 2020-இல் வந்தது ஆர்5 என்னும் வேறொரு வகைக் கேமரா. அதில் கண்ணாடியும் இல்லை. லென்ஸ் பூட்டும் வாயும் மாறிவிட்டது. பழைய லென்ஸ்களைப் பொருத்த இடையில் ஓர் இணைப்பான் தேவைப்பட்டது. தம்மிடமுள்ள லென்ஸ்களை நம்பி மார்க் 5-க்காகக் காத்திருந்தவரின் கணக்கு அதோடு முடிந்தது.

அது வெறும் ஊகம், நிறுவனம் அறிவித்துவிட்டால் நம்பலாமே என்பீர்கள். 2016 பிப்ரவரியில் நிக்கான் நிறுவனம் டி.எல். என்னும் பெயரில் மூன்று சிறிய கேமராக்களை அறிவித்தது. அவ்வாண்டின் நடுவிலேயே விற்பனைக்கு வர வேண்டியவை. உட்பாகம் ஒன்றில் சிக்கல் என்றார்கள், தேதி தள்ளிப்போயிற்று. ஓராண்டு கழிந்து, 2017 பிப்ரவரியில், அவற்றை வெளியிடப் போவதே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஓராண்டு முழுவதும் காத்திருந்தவர்கள் கையில் எஞ்சியது அந்த அறிவிப்பு மட்டுமே.

ஜப்பானில் அத்துணைப் பெரிய நிறுவனம், தான் உருவாக்கி மேடையில் காட்டிய பொருளையே கடைக்குக் கொண்டுவர இயலவில்லை. நாளை ஒன்றைச் செய்யப்போவதாகக் கூறும்போது இன்ஷா அல்லாஹ் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கஹ்ஃபு அத்தியாயம் ஏன் கட்டளையிடுகிறது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

அந்நிறுவனங்களின் நிலையையும் சற்று எண்ணிப் பாருங்கள். 2010-இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் அதிகம் என்பது ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கு. 2023-இல் அது 80 லட்சத்துக்கும் குறைந்துவிட்டது. மீதி எல்லாவற்றையும் கைப்பேசி விழுங்கிவிட்டது. ஆகவே எஞ்சியிருக்கும் வாடிக்கையாளரிடமே மீண்டும் மீண்டும் விற்றாக வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவரின் மனத்தில் குறையையும், வாங்காதவரின் மனத்தில் ஏக்கத்தையும் உண்டாக்குவது அவர்களின் பிழைப்பு. "இப்போதா, அடுத்ததா" என்னும் கேள்வியே அவர்கள் நமக்கு வகுத்துத் தந்தது. அதற்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் அது அவர்களுக்கு ஆதாயமாகவே முடியும்.

தேதி தெரிந்த காத்திருப்பு

அப்படியானால் காத்திருப்பதே தவறா? இல்லை. மார்க்கம் காத்திருப்பை மறுக்கவில்லை. அதற்கு நிபந்தனை விதித்தது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளவர்கள் ஓராண்டு, ஈராண்டு கழித்துக் கிடைக்கப்போகும் கனிகளுக்கு முன்கூட்டியே விலை கொடுத்து வந்தார்கள். அவ்வாறு முன்பணம் கொடுப்பவர், தெரிந்த அளவுக்கும், தெரிந்த எடைக்கும், தெரிந்த தவணைக்குமே கொடுக்க வேண்டும் என்று நபியவர்கள் நெறிப்படுத்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஸலம் வியாபாரத்தின் அடிப்படை இதுவே. பொருள் எது என்று தெரிய வேண்டும். நாள் எது என்றும் தெரிய வேண்டும். இவ்விரண்டும் தெரியாத இடத்தில் சச்சரவும் நட்டமும் நுழைகின்றன. விலைக்கு விதிக்கப்பட்ட இந்த அளவுகோலை, வாழ்க்கையின் ஒரு முடிவுக்கும் பயன்படுத்தினால் என்ன?

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2018 டிசம்பர் 22-ஆம் நாள் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், டிஜிட்டல் கேமராக்களுக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது. புதிய வரி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வரிக்கு முன் ஒரு லட்சம் ரூபாய் விலையுள்ள கேமராவில் பத்தாயிரம் ரூபாய் மிச்சம். அந்தப் பத்து நாட்கள் காத்திருந்தவர் அறிவாளி. அவருக்கு நாளும் தெரியும், ஆதாயமும் தெரியும். திருவண்ணாமலையில் தொழில் செய்பவருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: அது மார்கழி மாதம். அண்டை வீட்டு இந்துச் சகோதரர்களின் இல்லங்களில் அம்மாதத்தில் திருமணம் வைப்பதில்லை. தை பிறந்தால்தான் முகூர்த்தம். ஆகவே பத்து நாள் பொறுப்பதால் ஒரு வேலையும் கெடாது.

இதையே ஆவணி முகூர்த்தத்தின் நடுவிலோ, ஷவ்வாலில் நிக்காஹ்கள் தொடங்கும் நேரத்திலோ, நாள் தெரியாத ஒரு மாடலுக்காகச் செய்பவரை என்னவென்பது? ஆகவே காத்திருக்க நினைப்பவர் மூன்றைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளட்டும். நான் எதிர்பார்ப்பது எந்த நாளில் வரும் என்று எனக்குத் தெரியுமா? அதுவரை என் வேலையை வாடகைக் கேமராவோ இருக்கும் கேமராவோ குறையின்றித் தாங்குமா? அந்நாள் வந்தும் பொருள் வராவிட்டால், இருப்பதை வாங்கிக்கொள்வேன் என்று உறுதி பூண்டிருக்கிறேனா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் காத்திருங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், அது காத்திருப்பு அன்று, அலைக்கழிப்பு.

இரண்டாவது கேள்வியில் பிறர் உரிமையும் கலந்திருக்கிறது. கேமராவின் ஷட்டருக்கு ஆயுள் உண்டு. நடுத்தரக் கேமராக்கள் பலவற்றுக்கு 1,50,000 முறை என்று நிறுவனமே குறிக்கிறது. ஒரு திருமணத்துக்கு 2,000 படம் என்றால், 75 திருமணங்களில் அந்த எல்லை வந்துவிடும். தம் கேமரா அந்த எல்லையைக் கடந்து தடுமாறுகிறது என்று அறிந்தே, ஒருவரின் நிக்காஹுக்கு முன்பணம் வாங்குவது எப்படிப்பட்டது? மேலே காய்ந்த தானியத்தையும் அடியில் நனைந்ததையும் வைத்திருந்த வியாபாரியின் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்ததும், நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கண்டித்ததும், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததும் நாம் அறிந்தவை. என் மாணவர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. ஆயினும் காத்திருப்பு அவரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அப்படி நிறுத்தியதில் எனக்கும் பங்குண்டு.

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரிவதில்லை. தொழிலுக்குப் பயன்படுத்தும் கருவிக்கு ஜகாத் இல்லை. கருவி வாங்குவதற்காக ஒதுக்கிவைத்த பணம் நிஸாபை எட்டி, அதன்மீது ஓராண்டு கடந்துவிட்டால், அதற்கு இரண்டரை சதவீதம் ஜகாத் கடமை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் தீர்ப்பு. "அது கேமராவுக்கு வைத்த பணம்" என்று சொல்லித் தப்ப முடியாது. ஈராண்டு காத்திருப்பவர் ஈராண்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும்.

வட்டியில்லாத் தவணை என்னும் பெயர்

பொறுமை என்று தொடங்கியது வட்டியில் முடிந்தது என்பதே என் மாணவரின் கதை. நீண்ட நாள் அடக்கிவைத்த ஆசையும், திடீரென வந்த அவமானமும் சேரும்போது, ஒருவர் எந்தத் தாளிலும் கையெழுத்திடுவார். அந்த நேரத்துக்காகவே கடைகளில் ஒரு பலகை தொங்குகிறது: வட்டியில்லாத் தவணை.

கடன் அட்டை வழியாக இது பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கேமராவின் விலை ஒரு லட்சம் ரூபாய். பன்னிரண்டு மாதத் தவணை. வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடையின் பக்கத்தில் ஏறக்குறைய 7,670 ரூபாய் தள்ளுபடி தரப்படும். மீதியுள்ள 92,330 ரூபாயை வங்கி கடனாகத் தந்து, அதற்கு வட்டி கணக்கிடும். அசலும் வட்டியும் சேர்ந்து மீண்டும் ஒரு லட்சமாகும். வாங்குபவர் மாதம் 8,333 ரூபாய் கட்டி, தாம் வட்டி கொடுக்கவில்லை என்று நம்புகிறார். ஆனால் வங்கியின் கணக்கில் அது வட்டி என்றே எழுதப்படுகிறது. அந்த வட்டித் தொகைமீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு, ஏறக்குறைய 1,380 ரூபாய். ஒரு மாதம் தவறினால் அபராதம். அபராதமும் நிலுவையும் சேர்ந்து மேலும் வட்டி.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. பூஜ்ய சதவீத வட்டி என்னும் திட்டங்களில் வட்டி வேறொரு கட்டணத்தின் வேடத்தில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளை எச்சரித்து, அத்தகைய திட்டங்களைத் தடுத்தது. வட்டியைத் தொழிலாகக் கொண்ட உலகமே அதை வட்டி என்று அடையாளம் கண்டு கூறிய பிறகு, வட்டியை ஹராம் என்று நம்பும் நாம் பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நிம்மதி அடைவது எத்தனை வெட்கம்!

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். கடைக்காரர் தம் பொருளைத் தாமே, கூடுதலான ஆனால் முன்பே முடிவான ஒரு விலைக்கு, தவணையில் விற்பதைப் பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். தாமதத்துக்கு மேலும் பணம் கேட்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இடையில் மூன்றாமவர் பணத்தைக் கடனாகத் தந்து, அதற்குமேல் வாங்கும்போதுதான் அது வட்டி. ஆகவே கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். விளங்காவிட்டால் ஆலிமிடம் கொண்டு காட்டுங்கள். ஆலிம்களே, நீங்களும் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மதரஸாவில் வட்டியின் வகைகளை அரபியில் மனனம் செய்வித்துவிட்டு, தெருவிலுள்ள கடையின் பலகையை வாசிக்கத் தெரியாமல் இருப்பது நம் குறை.

ஆசைக்குத் தேவை என்று பெயர்

இதுவரை சொன்னதைக் கேட்டு, "ஹஜ்ரத் உடனே வாங்கச் சொல்லிவிட்டார்" என்று யாரும் கடைக்கு ஓட வேண்டாம். உழைக்கும் கருவி தேவைப்படுகிறவருக்கு ஒரு சட்டம். ஏற்கெனவே நல்ல கருவி வைத்திருந்து புதியதற்கு ஏங்குகிறவருக்கு வேறொரு சட்டம். தேவை இல்லாதவர் இந்த மாடலையும் வாங்க வேண்டாம். அடுத்த மாடலையும் வாங்க வேண்டாம். அவர் காத்திருப்பதும் வீண், வாங்குவதும் வீண்.

பெருக்கிக்கொள்ளும் ஆசை மண்ணறைவரை மனிதனைப் பராக்காக்கிவிடும் என்று தகாஸுர் அத்தியாயம் எச்சரிக்கிறது. வீண்விரயம் செய்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயம் அழைக்கிறது. உம்ராவுக்குச் செல்லும் குடும்பம் புறப்படுவதற்கு முன் புதிய கேமராவோ கைப்பேசியோ வாங்கியே ஆக வேண்டும் என்று நினைக்கிறது. கஃபாவின் முன் நின்று கண்ணால் பார்க்க வேண்டியதைத் திரையில் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. அந்தக் குடும்பம் புதிய மாடல் வரும்வரை காத்திருந்தால் என்ன, காத்திராவிட்டால் என்ன?

உலக விஷயத்தில் நமக்கு மேலுள்ளவரைப் பார்க்காமல் கீழுள்ளவரைப் பார்க்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இருக்கும் அருட்கொடையை இழிவாக எண்ணாதிருக்க அதுவே வழி என்றும் கூறினார்கள். புதிய கேமராவைப் பற்றிய காணொளியை இரவெல்லாம் பார்ப்பவர் செய்வது இதற்கு நேர்மாறு. கையிலிருப்பதை நாளுக்கு நாள் இழிவாக்கிக் காட்டும் பயிற்சி அது.

தேவை எது, ஆசை எது என்று பிரித்தறிவது எப்படி? என் மாணவரிடம் இப்போது கேட்டால் நான் இப்படிக் கேட்பேன்: இந்தக் கருவி இல்லாததால் இவ்வாண்டு எந்த வேலை கைவிட்டுப் போயிற்று? எந்த வாடிக்கையாளர் குறை சொன்னார்? விடை இருந்தால் அது தேவை. விடையாக வருவது கருவியின் பெருமை மட்டும் என்றால் அது ஆசை. தேவை உறுதியானால், பழைய கேமராவையும் பாருங்கள். முதல் உரிமையாளர் பயன்படுத்திய நல்ல கேமரா பாதி விலைக்குக் கிடைத்தால் அதிலும் இழிவில்லை. விற்பவர் ஷட்டர் எத்தனை முறை ஓடியது என்பதையும், குறை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்வது அவருக்குக் கடமை. வாங்குபவர் சில நாள் சோதித்துப் பார்க்க அவகாசம் கேட்டுப் பெறுவதும் நம் ஃபிக்ஹில் உள்ளதே. ஹனஃபி நூல்கள் அதற்கு மூன்று நாள் என்று கூறுகின்றன.

வாங்கிய பின்

விவரம் அறிந்தவரிடம் ஆலோசனை செய்யுங்கள். இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யுங்கள். நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு எல்லா விஷயங்களிலும் இஸ்திகாராவைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். கருவி வாங்குவதும் அந்த 'எல்லா விஷயங்களில்' அடக்கம். பிறகு முடிவு செய்யுங்கள். முடிவு செய்த பின் அல்லாஹ்வை நம்புங்கள்.

அடுத்த மாதமே புதிய மாடல் வந்துவிட்டால்? வரலாம். அப்போது ஷைத்தான் வந்து, "சற்றுப் பொறுத்திருந்தால்..." என்று தொடங்குவான். பயனளிப்பதில் ஆர்வம் கொள்ள வேண்டும், அல்லாஹ்விடம் உதவி தேட வேண்டும், இயலாதவனாக உட்கார்ந்துவிடக் கூடாது, நடந்ததைப் பற்றி அப்படிச் செய்திருந்தால் என்று சொல்லக் கூடாது, அச்சொல் ஷைத்தானின் செயலுக்கு வாசலைத் திறந்துவிடும் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. வாங்குவதற்கு முன்னும் பின்னும் தேவையான அறிவுரை அந்த ஒரே ஹதீஸில் இருக்கிறது. புதிய மாடல் வந்த அன்று உங்கள் கேமரா எடுக்கும் படம், அதற்கு முந்தைய நாள் எடுத்த படத்தைவிட ஒரு துளியும் மங்கிவிடாது.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

என் மாணவர் இப்போது நல்ல கேமரா வைத்திருக்கிறார்; வேலைகளும் வருகின்றன. ஆனால் ஒவ்வொரு மாதமும் தவணை நாளில் அவர் முகம் வாடிவிடுகிறது. வட்டியில் சிக்கியிருக்கிறோம் என்னும் உறுத்தல் அவரிடம் உயிரோடு இருப்பது அல்லாஹ்வின் அருள். அக்கடனை முன்கூட்டியே அடைத்துவிட, நாங்கள் சிலர் அழகிய கடனாக ஒரு தொகை சேர்த்துவருகிறோம். அதில் என் பங்கு தர்மமன்று; பரிகாரம்.

நம் முஹல்லாக்களில் பைத்துல்மால் இருக்கிறது. அது நோய்க்கும், ஏழைக் குமருக்கும், கல்விக்கும் கொடுக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். ஒருவரின் தொழிற்கருவிக்காக, வட்டியில்லாமல், குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனத்தில் கட்டளையிடும்படி எழுதிவைத்து, சாட்சி வைத்து, அழகிய கடன் கொடுக்கும் வழக்கத்தையும் அதனுடன் சேர்த்தால் என்ன? கோடாலிக்குத் தம் கையால் காம்பு பொருத்திக் கொடுத்த நபியின் உம்மத்து நாம். அந்தக் காம்பைப் பொருத்தும் வேலையைத் தவணைப் பலகை தொங்கும் கடையிடம் விட்டுவிட்டு, ஸப்ரு செய்யுங்கள் என்று மேடையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அடுத்த முறை ஒரு தம்பி என்னிடம் வந்து இதே கேள்வியைக் கேட்டால், உடனே பதில் சொல்ல மாட்டேன். அவருடைய பழைய கேமராவைக் கொண்டுவரச் சொல்லி, முதலில் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பேன்.

நமக்கு ஹலாலான வாழ்வாதாரத்தையும், உள்ளதில் நிறைவு காணும் உள்ளத்தையும், கடனிலிருந்தும் வட்டியிலிருந்தும் பாதுகாப்பையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.